நெற்றியில் மாட்டும் மின்தூண்டல் கருவி: கவனம் கூடுமா, பதற்றம் குறையுமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வங்கித் தேர்வுக்குப் படிக்கும் உங்கள் தம்பிக்கு ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் கவனம் நிற்பதில்லை. தேர்வு நெருங்கினால் கை நடுங்குகிறது, தூக்கம் போய்விடுகிறது. நெற்றியில் பட்டை போல மாட்டிக்கொள்ளும் ஒரு கருவியை இணையத்தில் பார்த்திருக்கிறான். மெல்லிய மின்சாரம் செலுத்திக் கவனத்தைக் கூட்டும், மன அழுத்தத்தையும் பதற்றத்தையும் குறைக்கும் என்று விளம்பரம் சொல்கிறது. வாங்கலாமா, இது ஷாக் ட்ரீட்மென்ட் மாதிரியா, யூடியூப் பார்த்து 9 வோல்ட் பேட்டரியில் வீட்டிலேயே செய்துகொண்டால் என்ன என்பவைதான் கேள்விகள்.

முதலில் பதில். தேர்வுக்காக வாங்க வேண்டாம். பேட்டரி யோசனையை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். ஆனால் இந்தத் துறையே ஏமாற்று என்று நான் சொல்ல வரவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளாக நல்ல ஆய்வுக்கூடங்கள் இதில் வேலை செய்துகொண்டிருக்கின்றன. அங்கே கண்டறிந்ததற்கும் விளம்பரத்தில் வருவதற்கும் நடுவில் பெரிய இடைவெளி இருக்கிறது, அவ்வளவுதான்.

ஷாக் ட்ரீட்மென்ட் பயத்தை முதலில் தீர்த்துவிடலாம். மருத்துவமனையில் மயக்க மருந்து கொடுத்துச் செய்யப்படும் ஈ.சி.டி.யில் சுமார் 800, 900 மில்லிஆம்பியர் மின்சாரம் மிகக் குறுகிய துடிப்புகளாகச் செல்கிறது. கட்டுப்பாட்டுக்குள் ஒரு வலிப்பை வரவழைப்பதுதான் அங்கே நோக்கமே. நாம் பேசும் முறையில் போவது 1 அல்லது 2 மில்லிஆம்பியர். வலிப்பு வராது, மயக்கம் தேவையில்லை, ஆள் விழித்துப் பேசிக்கொண்டே இருப்பார். காந்தத்தை வைத்துச் செய்யும் டி.எம்.எஸ். வேறு முறை. அதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இந்த மென்மின்சார முறைகளிலும் இரண்டு முக்கிய வகை உண்டு. ஒரே திசையில் ஓடும் நேர்மின்சாரத்தைப் பயன்படுத்துவது டி.டி.சி.எஸ். காது மடல்களில் கிளிப் மாட்டித் துடிப்பாக மின்சாரம் விடுவது சி.இ.எஸ். கவனம் என்று விளம்பரம் செய்பவர்கள் பெரும்பாலும் முதல் வகை, பதற்றம், தூக்கம் என்பவர்கள் இரண்டாவது வகை. இரண்டின் வரலாறும் சான்றுகளும் வேறு வேறு. விற்பவர்கள் ஒன்றின் ஆய்வைக் காட்டி இன்னொன்றை விற்பதும் நடக்கிறது.

டி.டி.சி.எஸ். ஒரு ஆய்வுக்கூடத்தில் எப்படி நடக்கும் என்பதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்த்தால் விஷயம் புரியும். முதலில் தலையை அளப்பார்கள். மூக்குத் தண்டின் மேல்பள்ளத்திலிருந்து பின்மண்டையின் புடைப்பு வரைக்கும், ஒரு காதிலிருந்து மறு காது வரைக்கும் டேப்பால் அளந்து, சதவீதக் கணக்குப் போட்டு, இடது முன்நெற்றிக்கு மேலே பேனாவால் ஒரு புள்ளி வைப்பார்கள். 5 செ.மீ.க்கு 7 செ.மீ. அளவுள்ள பஞ்சு உறைகளை உப்புநீரில் நனைப்பார்கள். அதிகம் நனைத்தால் நீர் வழிந்து முடியெல்லாம் ஈரமாகி, மின்சாரம் போக வேண்டிய இடத்தை விட்டுப் பரவிவிடும். குறைவாக நனைத்தால் பஞ்சு காய்ந்து தோலைச் சுடும். உள்ளே கடத்தும் ரப்பர் தகட்டைச் செருகி, முடியை விலக்கி, பட்டையால் இறுக்குவார்கள். கருவி தோலின் மின்தடையைக் காட்டும். அது அதிகமாக இருந்தால் தொடங்க மாட்டார்கள், திரும்பவும் நனைத்து வைப்பார்கள். பிறகு அரை நிமிடத்தில் மெதுவாக மின்சாரத்தை ஏற்றுவார்கள். அப்போது பஞ்சுக்கு அடியில் ஊசி குத்துவது போலச் சுருக்கென்று இருக்கும், கொஞ்சம் அரிக்கும். சிலருக்கு வாயில் உலோகச் சுவை. நெற்றியில் வைத்திருந்தால் ஏற்றும் இறக்கும் நேரத்தில் கண்ணில் ஒரு மின்னல் தெரியலாம். அது மூளை விழித்துக்கொண்டதன் அடையாளமில்லை, விழித்திரை சீண்டப்படுவதால் வருவது. ஒன்றிரண்டு நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிடும். 20 அல்லது 30 நிமிடம் கழித்துப் பட்டையைக் கழற்றினால் பஞ்சு இருந்த இடம் சிவந்திருக்கும்.

அந்த முதல் அரை நிமிடச் சுருக் உணர்வை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பீட்டுக் குழுவுக்கு ஆய்வாளர்கள் போலித் தூண்டல் தரும்போதும் இதே பஞ்சு, இதே பட்டை, இதே சுருக்தான். ஏற்றிய கையோடு மின்சாரத்தை இறக்கிவிடுவார்கள். மீதி நேரமெல்லாம் வெறும் பஞ்சு. ஆனாலும் உட்கார்ந்திருப்பவர் தனக்குச் சிகிச்சை நடக்கிறது என்றே நினைப்பார். கருவி வாங்கிய பலர் ‘மாட்டினேன், உடனே தெளிவாக இருந்தது’ என்று எழுதுகிறார்களே, அதைப் படிக்கும்போது இந்தப் போலிக் குழுவை மனதில் வையுங்கள்.

சரி, இந்த 2 மில்லிஆம்பியர் உள்ளே போய் என்ன செய்கிறது? நவீன ஆய்வுக்குப் பிள்ளையார் சுழி போட்டது 2000இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் மைக்கேல் நிட்ஷேயும் வால்டர் பவுலஸும் வெளியிட்ட கட்டுரை. கை அசைவைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதியின் மேல் நேர்மின்முனையை வைத்தால் அந்தப் பகுதி எளிதில் தூண்டப்படும் நிலைக்கு வருகிறது, எதிர்மின்முனையை வைத்தால் மந்தமாகிறது, மாற்றம் 40 சதவீதம் வரை போகலாம், மின்சாரத்தை நிறுத்திய பிறகும் சில நிமிடங்கள் நீடிக்கிறது என்று காட்டினார்கள். அதற்குப் பிறகு ஆய்வுகள் பெருகின. நேர்முனை என்றால் முடுக்கி, எதிர்முனை என்றால் பிரேக் என்று ஒரு எளிய கதையும் பரவியது. விளம்பரங்கள் இன்றைக்கும் இந்தக் கதையைத்தான் விற்கின்றன.

அந்தக் கதை அரைகுறை. முதல் காரணம், உள்ளே போய்ச் சேர்வது மிகக் குறைவு. நியூயார்க்கில் கியோர்கி புஜாகியின் குழு, சடலங்களை வைத்து அளந்து 2018இல் வெளியிட்ட முடிவுப்படி, செலுத்தும் மின்சாரத்தில் முக்கால் பங்கு தோலிலும் மண்டையோட்டிலுமே போய்விடுகிறது. அறுவை சிகிச்சைக்காக மூளைக்குள் ஏற்கெனவே மின்முனை பொருத்தப்பட்டிருந்த வலிப்பு நோயாளிகளிடம் நேரடியாக அளந்தபோது, 2 மில்லிஆம்பியருக்கு மூளையில் உண்டான மின்புலம் மீட்டருக்கு 1 வோல்ட்டைக்கூட எட்டவில்லை. அந்த அளவு மின்புலம் ஒரு நரம்பணுவின் சவ்வு மின்னழுத்தத்தை ஒரு மில்லிவோல்ட்டில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான் நகர்த்தும். ஓய்வில் இருக்கும் நரம்பணு சுடுவதற்கு, அதாவது சமிக்ஞை அனுப்புவதற்கு, தேவையான மாற்றமோ சுமார் 15 மில்லிவோல்ட். ஆக, இந்த மின்சாரம் எந்த நரம்பணுவையும் தானாகச் சுடவைக்காது. ஏற்கெனவே சுடும் தறுவாயில் இருப்பவற்றை இப்படியோ அப்படியோ லேசாகச் சாய்க்கும். ஓடுகிற ஊஞ்சலை விரல் நுனியால் தொடுவது மாதிரி. எந்த நேரத்தில் தொடுகிறோம், ஊஞ்சல் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது என்பதைப் பொறுத்து வேகம் கூடவும் செய்யும், குறையவும் செய்யும்.

என் கணிப்பில் இந்தத் துறையின் சாரமே இதுதான். மின்சாரம் கவனத்தைக் கொண்டுவந்து மூளையில் போடுவதில்லை. அந்த நேரத்தில் அந்த மூளை என்ன செய்துகொண்டிருக்கிறதோ அதைத்தான் தள்ளுகிறது. அதனால் ஒருவருக்கு வேலை செய்தது இன்னொருவருக்குத் தலைகீழாகப் போகலாம். இதை நான் பூச்சுற்றிச் சொல்லவில்லை, அளந்தே பார்த்திருக்கிறார்கள். 1 மில்லிஆம்பியரில் மந்தமாக்கும் எதிர்மின்முனை, 2 மில்லிஆம்பியரில் 20 நிமிடம் வைத்தபோது அதே பகுதியைக் கிளறிவிட்டது என்று அதே கோட்டிங்கன் ஆய்வுக்கூடம் 2013இல் காட்டியது. அளவை இரட்டிப்பாக்கினால் பலனும் இரட்டிப்பாகும் என்று நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

உங்கள் தம்பியின் நிலைமைக்கு மிக நெருக்கமான ஆய்வு ஒன்று ஆக்ஸ்ஃபோர்டில் நடந்து 2014இல் வெளியானது. அமர் சர்க்கார், ஆன் டவுக்கர், ரோய் கோஹன் கடோஷ் மூவரும் கணக்கைக் கண்டாலே பதறும் சிலரையும் அப்படிப் பதறாத சிலரையும் எடுத்துக்கொண்டார்கள். இரு தரப்புக்கும் முன்நெற்றிப் பகுதியில் மென்மின்சாரம் கொடுத்து எளிய கணக்குகளைச் சரியா தவறா என்று சொல்ல வைத்தார்கள். எச்சில் எடுத்து கார்ட்டிசால் என்னும் அழுத்த ஹார்மோனையும் அளந்தார்கள். பதறுகிறவர்கள் வேகமாகப் பதில் சொன்னார்கள், கார்ட்டிசாலும் குறைந்தது. இதுவரைதான் விளம்பரக்காரர்கள் படித்திருப்பார்கள். பதறாதவர்களுக்கோ அதே மின்சாரத்தால் வேகம் குறைந்தது. போலித் தூண்டலின்போது அவர்களுக்குத் தானாக இறங்கிய கார்ட்டிசால், உண்மையான தூண்டலின்போது இறங்கவில்லை. அப்புறம் இன்னொன்று. கவனம் சிதறாமல் தேவையற்றதை ஒதுக்கும் திறனைச் சோதித்தபோது, இரண்டு தரப்புமே போலித் தூண்டலைவிட உண்மையான தூண்டலில் மோசமாகச் செய்தார்கள். அதாவது, பதற்றத்தைக் குறைத்த அதே அமர்வு கவனத்தில் ஒரு பகுதியைப் பிடுங்கிக்கொண்டது.

இதற்கு முந்தைய ஆண்டு கோஹன் கடோஷ் தெரேசா இயுகுலானோவுடன் சேர்ந்து செய்த ஆய்வும் இதே பக்கம்தான் கைகாட்டுகிறது. புதிதாக உருவாக்கிய எண் குறியீடுகளைச் சிலருக்குப் பல நாள் பயிற்றுவித்தார்கள். மூளையின் பக்கவாட்டுப் பின்பகுதியைத் தூண்டியபோது குறியீடுகளைச் சீக்கிரம் கற்றார்கள், ஆனால் கற்றது யோசிக்காமல் தானாக வரும் நிலை பாதிக்கப்பட்டது. முன்நெற்றியைத் தூண்டியபோது இது அப்படியே தலைகீழானது. போட்டித் தேர்வுக்குப் படிப்பவருக்குக் கற்பதும் வேண்டும், கற்றது சட்டென்று கைக்கு வரவும் வேண்டும். எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரியாமலே ஒன்றை விட்டுக்கொடுத்துவிடும் வாய்ப்பு இதில் இருக்கிறது.

கவனத்துக்கு ஆதரவாகச் சான்றே இல்லையா என்றால், இருக்கிறது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் வின்சென்ட் கிளார்க்கின் குழு 2012இல் வெளியிட்ட ஆய்வு மிகப் பிரபலம். ராணுவப் பயிற்சிக்கான காட்சிகளில் ஒளித்துவைத்த குண்டு, பதுங்கியிருக்கும் துப்பாக்கிக்காரன் போன்றவற்றைக் கண்டுபிடிக்கப் பழகியவர்களில் 2 மில்லிஆம்பியர் பெற்றவர்கள் மிகச் சிறிய மின்சாரம் பெற்றவர்களைப் போல ஏறக்குறைய இரு மடங்கு முன்னேறினார்கள். அது ஊடகங்களில் பரவியது. 2013இல் வீடியோ கேம் ஆடுபவர்களுக்கென்று தலையில் மாட்டும் கருவி கடைக்கு வந்துவிட்டது. ஆனால் ஜாரெட் ஹார்வத்தும் சகாக்களும் 2015இல், ஒரே அமர்வாக டி.டி.சி.எஸ். தந்து அறிவுத்திறனைச் சோதித்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தபோது நம்பகமான பலன் எதுவும் மிஞ்சவில்லை. அவர்கள் திரட்டிய முறையைப் பற்றிச் சண்டை நடந்தது, இன்னமும் நடக்கிறது. இருந்தாலும், ஒரு முறை மாட்டிக்கொண்டு படிக்க உட்கார்ந்தால் கவனம் வரும் என்று சொல்ல யாராலும் முடியாது என்பதே என் முடிவு.

கவனக்குறைவு ஒரு நோயாகவே இருப்பவர்களின் கதை கொஞ்சம் வேறு. பிரேசிலில் ஏ.டி.எச்.டி. உள்ள, ஊக்கி மாத்திரை எடுக்காத 64 பெரியவர்கள் நான்கு வாரம், தினம் அரை மணி நேரம் வீட்டிலேயே வலது முன்நெற்றியில் 2 மில்லிஆம்பியர் செலுத்திக்கொண்டார்கள். போலிக் குழுவைவிடக் கவனக்குறைவு நன்றாகக் குறைந்தது என்று 2022இல் முடிவு வந்தது. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் அதே நோயுள்ள 50 சிறுவர்களுக்குச் சற்றே வேறு இடத்தில் மின்சாரம் கொடுத்து, கூடவே மூளைப் பயிற்சியும் தந்து பார்த்தார்கள். 15 அமர்வு முடிந்தும் பலனில்லை. வயது வேறு, இடம் வேறு, நாட்களின் எண்ணிக்கை வேறு. எதனால் ஒன்று பலித்து மற்றொன்று பலிக்கவில்லை என்று பிரித்துச் சொல்ல இரண்டு ஆய்வு போதாது. உங்கள் தம்பிக்குச் சிறு வயதிலிருந்தே கவனப் பிரச்சினை இருந்தால் அதை ஒரு மனநல மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்வது எந்தக் கருவியைவிடவும் பயன் தரும். ஏ.டி.எச்.டி.க்கு மாத்திரைகளின் சான்று இதைவிடப் பல மடங்கு வலுவானது.

பதற்றத்துக்கு விற்கப்படும் காது கிளிப் கருவிகளின் வேர் 1950களின் சோவியத் ஒன்றியத்தில் இருக்கிறது. அங்கே ‘மின்தூக்கம்’ என்று ஒரு சிகிச்சை இருந்தது. அது அமெரிக்காவுக்குப் போய் சி.இ.எஸ். ஆனது. அங்கே மருத்துவக் கருவிகளுக்கான சட்டம் வந்தது 1976இல்தான். அதற்கு முன்பே சந்தையில் இருந்த வகை என்பதால் பலனை நிரூபிக்கச் சொல்லாமலே இவை பல ஆண்டுகள் விற்கப்பட்டன. 2019 டிசம்பரில், மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் ஒழுங்குபடுத்தும் அமெரிக்க எஃப்.டி.ஏ. ஒரு முடிவெடுத்தது. பதற்றத்துக்கும் தூக்கமின்மைக்கும் விற்கப்படுபவை நடுத்தர ஆபத்து வகைக்கு மாற்றப்பட்டன. மனச்சோர்வுக்கு என்று விற்பவை கடுமையான முன்அனுமதி பெற வேண்டும் என்று வைத்தார்கள். ‘எஃப்.டி.ஏ. கிளியர்டு’ என்று பெட்டியில் இருந்தால் பெரும்பாலும் அதன் பொருள், ஏற்கெனவே சந்தையில் உள்ள ஒரு கருவியைப் போன்றது என்பதுதான். பலன் நிரூபிக்கப்பட்டது என்று அதைப் படிக்கக் கூடாது.

இந்த வகையில் அதிகம் பேசப்படுவது ஆல்ஃபா-ஸ்டிம். 2014இல் 115 பேரை வைத்து நடந்த சோதனையில் பதற்றம் குறைந்தது. சிகிச்சைகளை மதிப்பிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021இல் எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்து, நம்பிக்கை தருகிறது, ஆனால் அரசு மருத்துவத்தில் வழக்கமாகச் சேர்க்கும் அளவுக்குத் தரமான சான்று இல்லை என்று சொல்லிவிட்டது. 2023இல் மனச்சோர்வுக்காக அதே கருவியை 236 பேரிடம் சோதித்தபோது போலிக் கருவிக்கும் உண்மையான கருவிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பெரிய ஆபத்து இல்லாத, பலனும் சந்தேகமான, விலை அதிகமான பொருள் என்பது என் கணக்கு.

உண்மையில் இந்தத் துறையில் ஓரளவு கனமான சான்று இருப்பது கவனத்துக்கும் இல்லை, பதற்றத்துக்கும் இல்லை, மனச்சோர்வுக்கு. அங்கேயும் ஏற்ற இறக்கம்தான். சாவ் பாவ்லோவில் ஆந்த்ரே ப்ருனோனி குழு 245 பேரை வைத்து 2017இல் வெளியிட்ட ஆய்வில் டி.டி.சி.எஸ். போலிச் சிகிச்சையைவிட மேலாக இருந்தது, எஸ்சிட்டாலோபிராம் என்னும் மனச்சோர்வு மாத்திரைக்கு ஈடு என்று நிரூபிக்க முடியவில்லை. டி.டி.சி.எஸ். பெற்றவர்களில் இருவருக்கு மேனியா என்னும் மிகை மனவெழுச்சிக் கோளாறு புதிதாக வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் மாத்திரையோடு சேர்த்து 160 பேருக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023இல் பலன் இல்லை என்றது. மறு ஆண்டே 174 பேர் வீட்டிலிருந்தபடி பத்து வாரம் பயன்படுத்திய ஆய்வு பலன் உண்டு என்றது. அதன் எண்களைப் பாருங்கள், சுவாரசியமாக இருக்கும். உண்மையான தூண்டல் பெற்றவர்களின் மனச்சோர்வு மதிப்பெண் சராசரியாக 9 புள்ளிக்குச் சற்று மேல் இறங்கியது. வெறும் பஞ்சை மாட்டிக்கொண்டவர்களுக்கும் 7 புள்ளிக்கு மேல் இறங்கியது. தினமும் ஒரு நேரம் ஒதுக்கி உட்கார்வது, யாரோ அக்கறையாக விசாரிப்பது, நமக்கு ஏதோ நடக்கிறது என்ற நம்பிக்கை எல்லாம் சேர்ந்து அந்த 7 புள்ளியைக் கொடுத்திருக்கிறது. நோயிலிருந்து முற்றாக மீண்டவர்களின் கணக்கில் மட்டும் வித்தியாசம் பெரிது: ஒரு பக்கம் 45 சதவீதம், மறுபக்கம் 22 சதவீதம்.

இனி பேட்டரி. முறையான கருவி மின்சாரத்தை 2 மில்லிஆம்பியரில் நிலையாக வைத்திருக்கும், தோலின் தடை மாறினால் தானே வோல்ட்டைச் சரிசெய்யும், தடை எல்லை மீறினால் நின்றுவிடும். வெறும் 9 வோல்ட் பேட்டரிக்கு இது எதுவும் தெரியாது. தடை 5 கிலோஓம் என்றால் 1.8 மில்லிஆம்பியர் ஓடும். வியர்வையில், ஈரத்தில் அது 2 கிலோஓமுக்கு இறங்கினால் 4.5 மில்லிஆம்பியர். பஞ்சு ஒரு மூலையில் காய்ந்தால் மொத்த மின்சாரமும் மிச்சமிருக்கும் சின்ன ஈரத்தில் குவிந்து தோலைப் பொசுக்கும். நெற்றியில் காசளவுத் தீக்காயத்தோடு நேர்முகத் தேர்வுக்குப் போக வேண்டியிருக்கும். டி.டி.சி.எஸ். பாதுகாப்பானது என்று இணையத்தில் எடுத்துக்காட்டுவது 2016இல் மரோம் பிக்ஸன் குழு 33,200 அமர்வுகளைத் திரட்டிக் கடுமையான பாதிப்பு எதுவும் இல்லை என்று சொன்ன கட்டுரையை. உண்மைதான், ஆனால் அவை பயிற்சி பெற்றவர்கள், சரியான கருவியில், 40 நிமிடத்துக்கும் 4 மில்லிஆம்பியருக்கும் உட்பட்டுச் செய்த அமர்வுகள். அதே ஆண்டு இந்தத் துறையைச் சேர்ந்த ஆய்வாளர்களே, வீட்டில் தாமாகச் செய்துகொள்பவர்களுக்கு ஒரு திறந்த கடிதம் எழுதிக் கையெழுத்திட்டார்கள். நினைப்பதைவிட அதிகப் பகுதிகளை மின்சாரம் தொடும், மாற்றங்கள் நீண்ட நாள் நிற்கலாம், எதிர்பார்த்ததற்கு நேர்மாறான விளைவு பலருக்கு வரும் என்பதெல்லாம் அதில் இருந்தது. இந்தத் துறையால் பிழைப்பவர்களே எச்சரிக்கிறார்கள் என்றால் காது கொடுத்துக் கேட்கலாம்.

தம்பிக்கு என்ன செய்யலாம்? கை நடுக்கமும் தூக்கமின்மையும் தேர்வை ஒட்டி மட்டும் வருகிறதா, எப்போதும் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். எப்போதும் என்றால் ஒரு பொது மருத்துவரிடம் காட்டி தைராய்டு இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். இரவு காபி எத்தனை என்பதையும் விசாரியுங்கள். தேர்வுப் பதற்றத்துக்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, அதாவது சி.பி.டி., நன்றாக வேலை செய்யும். நேரம் வைத்து, தேர்வுக் கூடத்தைப் போன்ற சூழலில் மாதிரித் தேர்வுகள் எழுதிப் பழகுவதும் அதில் ஒரு பகுதிதான். படபடப்பைக் குறைக்கும் ப்ராப்ரனலால் மாத்திரையை நண்பர்களிடம் வாங்கித் தேர்வன்று காலை போட்டுக்கொள்ளும் பழக்கம் பயிற்சி மையங்களில் உண்டு. ஆஸ்துமா உள்ளவருக்கு அது ஆபத்து, மருத்துவர் சொல்லாமல் தொட வேண்டாம். உடனே யாரிடமாவது பேச வேண்டுமென்றால் அரசின் டெலி மானஸ் 14416 எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

பிற்காலத்தில் மனச்சோர்வுக்காக ஒரு மருத்துவர் டி.டி.சி.எஸ். பரிந்துரைத்தால் பயப்பட வேண்டாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் பல ஆண்டுகளாக இதைச் சிகிச்சையாகவும் ஆய்வாகவும் செய்கிறார்கள், குறிப்பாக மனச்சிதைவில் காதில் குரல் கேட்பதற்கு. அப்போது தம்பி மறைக்காமல் சொல்ல வேண்டியவை: எப்போதாவது வலிப்பு வந்ததா, தலையில் அறுவை சிகிச்சையோ உலோகமோ உண்டா, பேஸ்மேக்கர், காதுக்குள் பொருத்திய கருவி உண்டா, குடும்பத்தில் யாருக்காவது இருமுனைக் கோளாறு உண்டா, நெற்றித் தோலில் புண் இருக்கிறதா. சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் கையோடு கொண்டுபோக வேண்டும். வலிப்புக்குத் தரும் கார்பமசெபின் போன்ற சில மருந்துகள் நேர்மின்முனையின் விளைவையே இல்லாமல் ஆக்கிவிடும். அப்படி ஒரு மருந்து ஓடும்போது அமர்வுகளுக்குப் பணம் கட்டுவது வீண்.